பட்டியில் மிஞ்சிய பன்றிகள்

...அப்படியென்றால் எலிதான், துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் பொறி வைத்துப் பிடித்த எலிகள், கூடை கூடையாக அவனே சுமந்து வந்து பட்டிக்குள் கொட்டிய எலிகள்... இனிகோ மண்வெட்டியை ஊன்றி நின்றான், கடற்கரை மணல் வெட்ட வெட்டச் சரிந்தது, பன்றியைப் புதைக்கிற ஆழம் இன்னும் வரவில்லை. ஓட்டப்பிடாரத்துக் காட்டில் குட்டியாகப் பிடித்து வளர்த்த காட்டுப்பன்றிகள், யுத்த காலத்தில் கறிக்கு என்ன கிராக்கி, கப்பல்காரர்கள் வீடு தேடி வந்தார்கள், எலி தின்றால் சீக்கிரம் கொழுக்கும் என்று யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான்... பாஸ்குத் திருநாளுக்கு ஒன்றை அடித்தான். நெருப்பில் வாட்டிய தொடையில் ஒரு துண்டு அறுத்து, "வெந்துட்டான்னு பாருளா" என்று பிளாரன்ஸுக்கு ஊட்டினான், உள்ளே சிவந்துதான் இருந்தது, அவள் சிரித்துக்கொண்டே மென்றாள், பெண்டாட்டிக்கு ஊட்டுகிற வயசா இது என்று கேட்டாள். பிறகு கண்ணிமை வீங்கியது, காய்ச்சல், மூச்சு விடவே வலி. மீந்த உப்புக்கண்டத்தை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்த டாக்டர், சதைக்குள் புழு சுருண்டு கிடக்கிறது, எலியிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து இவளுக்கு என்று கட்டிலருகே நின்று சொன்னார். நன்றாக வெந்ததைத் தின்றவர்கள் தப்பித்தார்கள், அவனும் தப்பித்தான்... எதற்கு?

மகள் கல்யாணத்துக்குப் பன்றி சொல்லி வைத்திருந்த கிருபாநிதி வேலிக்கு அப்பால் வந்து நின்றான், குழியைப் பார்த்தான், துக்க வீட்டில் கேட்கக் கூடாதுதான் என்று இழுத்தான்.

"நல்லா வேக வச்சா ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டரே சொன்னாராம்லா அண்ணாச்சி."

"வெந்துட்டான்னு ஒன் வீட்டுல யாருலே ருசி பாப்பா?"

கிருபாநிதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அரிவாளோடு பட்டிக்குள் இறங்கியதும் பெரிய பெட்டை அவன் காலில் வந்து உரசியது, இதன் சதையிலும் சுருண்டிருக்குமோ, இதற்கும் வலிக்குமோ, கை அதுபாட்டுக்குப் போய் காதுக்குப் பின்னால் சொறிந்தது, முரட்டு மயிர், அடியில் சூடு... எத்தனை காலமாயிற்று ஒரு உயிரைத் தொட்டு. பிளாரன்ஸின் கெண்டைக்காலில் ஒருநாள் கை வைத்தான், துடித்துப் போனாள், அப்புறம் தொடவேயில்லை, வாசற்படியில் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான், கடைசி நாள்வரை, அவள் கை விரித்தபடி கிடந்தும்கூட... வலிக்குமே என்றுதான். அதை அவளிடம் சொன்னானா? புழு என்று டாக்டர் சொன்னது அவள் காதிலும்தானே விழுந்தது, அதற்கு அருவருத்துத்தான் இவன் ஒதுங்கிவிட்டான் என்று நினைத்தாளோ, அப்படி நினைத்துக்கொண்டேதான்...