அக்காள் தள்ளிவிட்ட மஞ்சள் பட்டை

மாமா செத்த பிறகும் அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதைத் தாண்டித்தான் தம்பி அக்காள் வீட்டுக்குள் போனான்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்ட இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அவனுக்கு வேலை. ஆதாரமில்லாத கட்டுரைகளின் தலையில் ஒட்டும் எச்சரிக்கைப் பட்டைகளை வடிவமைப்பான். பட்டை கண்ணில் படுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கட்டுரையைக் கொஞ்ச நேரம் படிக்கக் கொடுத்து, திரையை மறைத்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்பது. போன வருடம் மஞ்சள் பட்டையை அவனுடைய குழு தங்களுக்குள்ளேயே சோதித்துக்கொண்டது. எல்லோர் கண்ணிலும் பட்டது. படாமல் என்ன? சமைத்தவனே ருசி பார்த்து மார்க் போட்டுக்கொண்ட கதைதான்.

குழுவுக்கு வெளியே ஒருத்தியிடம் மட்டும் அவன் காட்டினான். அக்காளிடம்.

"மேல மஞ்சளா ஏதோ இருந்துச்சுடா. லோன் விளம்பரம்னு தள்ளி விட்டுட்டேன்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ள, இது உன் ஆபீசுக்குத் தெரிய வேணாம். சீட்டைக் கிழிச்சிருவாங்க."

ஆபீசில் சொல்லத்தான் சொன்னான். ஒரே ஆள், அதுவும் வீட்டு ஆள், கணக்கில் சேராது என்றார்கள். அவனும் வாயை மூடிக்கொண்டான். பட்டை கட்டுரைகளில் ஏறியது.

அது ஏறிய கட்டுரைகளில் ஒன்று, மூட்டுவலிக்கு ஒரு வேரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னது. அக்காள் அதைப் போனில் படித்துவிட்டு, மாமாவுக்குத் தினமும் தன் கையால் காய்ச்சிக் கொடுத்தாள். மாமாவின் ஈரல் போனது. வேர்தான் காரணம் என்று டாக்டர் சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது. கட்டுரையின் தலையில் பட்டை இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

இப்போது புதுப் பட்டை. சிவப்பு. தலையில் இல்லை, எவ்வளவு குடிக்க வேண்டும் என்ற வரிக்கு நேர் மேலே. தொட்டால்தான் அந்த வரி திறக்கும். பழையதைத் தள்ளிவிட்டவள் கண்ணில் இது பட்டால் போதும் என்று வந்திருந்தான். அந்த வேர்க் கட்டுரையை எடுக்கவில்லை. வேறு ஏதோ இலையைப் பற்றிய கட்டுரையைத் திறந்து போனை நீட்டினான்.

அக்காளின் விரல் திரையில் இறங்கி, சிவப்பில் நின்றது. அவன் போனைத் திரும்ப வாங்கினான்.

"என்னக்கா பார்த்த?"

"குடிச்சா ஈரல் கெட்டுரும், உயிரே போகும்னு போட்டிருக்கு."

பட்டை தேறிவிட்டது. அவன் எழுந்திருக்கப் போனான்.

"டேய், நான் அப்ப படிச்சதுல இப்படி ஏதாவது இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னால், அதைத் தள்ளிவிட்டுக் காய்ச்சியவள் அவள் என்றாகிவிடும். ஆயுசுக்கும் கண்மூட மாட்டாள்.

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல."

"ஒரு வார்த்தை போட்டிருந்தா ஊத்திக் கொடுத்திருப்பேனா? போடாம விட்டவன் நல்லா இருப்பானா?"

"இருக்க மாட்டான்க்கா."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "இருடா, சாப்ட்டுட்டுப் போ."

அவன் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டான்.