சத்தம் வராத பதிவு

டி.வி.க்குப் பின்னால் கையை நுழைத்து, கார்டு ரீடரைச் சொருகும் இடத்தை விரலாலேயே தடவித் தேடிக்கொண்டிருந்தான் பாலு. காலையில் ஓயாமரி சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்த ஈர வேட்டியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"ஆங், மாட்டிருச்சு," என்றான்.

சமையலறை வாசலில் பிரேமலதா நின்றிருந்தாள்.

அவளுடைய மாமனார் காத்தமுத்து முந்தாநாள் மத்தியானம் இதே ஹாலில், இதே சோபாவில் செத்துப்போயிருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சாகும்போது வீட்டில் யாருமில்லை. சின்ன மகன் பாலு ஓமனில் ஏதோ பாலைவன சைட்டிலிருந்து கிளம்பி, பிளைட் மாறி, இன்று விடியற்காலைதான் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தான். சித்திரை வெயிலில் அதுவரை வைத்திருக்க வேண்டாமென்று பெரியவர்கள் நேற்றே எடுத்துவிட்டார்கள். அவனுக்குக் கிடைத்தது சாம்பல்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஷோகேஸ் மேல் இருந்த கேமராவைத்தான் அவன் முதலில் பார்த்தான். தை மாதம் மாமா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததற்கு அப்புறம் பிரேமலதா வாங்கி வைத்தது. வேலைக்குப் போன இடத்திலிருந்து போனில் அவரைப் பார்த்துக்கொள்வாள்.

"இதுல ரெக்கார்டு ஆகுமா அண்ணி?"

"தெரியல தம்பி," என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரியும்.

அவன் கேமராவைத் திருப்பி, நகத்தால் கார்டை நெம்பி எடுத்தான். "மொகத்தைத்தான் பாக்க முடியல. கொரலையாவது கேட்டுக்கறேன்," என்றான். அதற்கு மேல் அவள் என்ன சொல்லித் தடுப்பாள்?

டி.வி.யில் படம் வந்தது. பனியனோடு சோபாவில் மாமா. வலது கையால் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டிருக்கிறார். தோளில் ஹேண்ட்பேகோடு பிரேமலதா உள்ளேயிருந்து வருகிறாள். மாமா அவளைப் பார்த்து ஏதோ சொல்கிறார். சத்தம் மட்டும் வரவில்லை. திரைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"ஆடியோ கோடெக் சப்போர்ட் ஆகலையாம்," என்று படித்தான் பாலு.

"அப்படின்னா?" என்றாள் யமுனா. பிரேமலதாவின் புருஷன் வளவனுக்கும் பாலுவுக்கும் நடுவில் பிறந்தவள், முசிறியில் வாக்கப்பட்டவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"படத்தையும் சத்தத்தையும் தனித்தனியா சுருக்கி மடிச்சு வெச்சிருப்பாங்கக்கா. இந்த டி.வி.க்குப் படத்தைப் பிரிக்கத் தெரியுது. சத்தத்தைப் பிரிக்கத் தெரியல."

பிரேமலதாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கிறாள். மாமா வாங்கிக்கொண்டு மறுபடியும் என்னவோ சொல்கிறார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். புடவைப் பின்னைச் சரிசெய்தபடி பதில் சொல்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது.

"அப்பா என்னமோ கேக்கறாரே அண்ணி?" யமுனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மோட்டார் போட்டாச்சான்னு கேட்டாரு."

"அது என்ன மாத்திரை?"

"கேஸ் மாத்திரைதான். சாப்பிட்டா எப்பவும் போடுவாரே."

தன் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. மாமா மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது என்றார். இன்னிக்கு இரேம்மா என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் இரு என்று கேட்டதே இல்லை. தில்லைநகர் லேபில் அந்த வாரம் ஏற்கெனவே லீவு போட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கேஸாத்தான் இருக்கும் மாமா என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எல்லாரிடமும், நான் கெளம்பும்போது நல்லாத்தான் இருந்தாரு என்றே சொல்லியிருந்தாள்.

திரையில் மாமா போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு காதில் வைத்துப் பேசினார்.

"யாருக்குப் பேசறாரு?" என்றாள் யமுனா.

"எனக்குதான்." ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வளவன் சொன்னான். "சாப்ட்டியான்னு கேட்டாரு. சும்மா."

மாமா தன்னிடம் கடைசியாகப் பேசினார் என்பதை வளவன் இந்த இரண்டு நாளில் அவளிடம்கூடச் சொல்லவில்லை. துக்கத்தில் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பாலு படத்தை நிறுத்தினான். "எல்லா கோடெக்கும் இருக்கற பிளேயர் ஒண்ணு இருக்கு. லேப்டாப்புல இறக்கிட்டா சத்தம் வந்துடும்." கார்டு ரீடரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, சிக்னலுக்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனான். யமுனா முகம் கழுவ எழுந்தாள்.

மேஜைமேல் அது தனியாகக் கிடந்தது.

எப்போது எடுத்தாள், எப்போது சமையலறைக்கு வந்தாள் என்று பிரேமலதாவுக்கே தெரியவில்லை. கார்டு விரல் நகத்தளவுதான் இருந்தது. உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. சிங்க்கில் பாத்திரம் ஊறிய தண்ணீர் கலங்கலாக நின்றது. விட்டால் போதும். தேடுவார்கள், திட்டுவார்கள், யாரோ கூட்டித் தள்ளியிருப்பார்கள் என்று முடிந்துவிடும். கேட்டுவிட்டாலோ? யமுனா சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள். இவர்? இவர் சத்தம் போடுகிற ஆளில்லை. ஒன்றும் சொல்லாமலே பக்கத்தில் படுத்திருப்பார். கையைச் சிங்க்குக்கு மேலே நீட்டினாள்.

பின்னால் ஆள் வந்த அரவம் கேட்டுச் சட்டென்று திரும்பினாள். வளவன் நின்றிருந்தான். அவள் கையைப் பார்த்தான். சிங்க்கைப் பார்த்தான்.

"போட்டுடு," என்றான் மெதுவாக.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"யாரும் கேக்க வேணாம். போட்டுடு பிரேமா."

அவன் உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தன்னைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"மாமா உங்ககிட்ட சாப்ட்டியான்னா கேட்டாரு?"

வளவன் குழாயைத் திறந்துவிட்டான். மூடினான். மறுபடி திறந்தான்.

"அண்ணி, கார்டை எங்க வெச்சேன்?" பால்கனியிலிருந்து பாலு உள்ளே வந்துகொண்டிருந்தான். "அண்ணி, பாத்தீங்களா?"

காலையில் ஓயாமரியிலிருந்து வந்த பாலு, பால் செம்பைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அவள்தான் கையிலிருந்து அதை வாங்கி வைத்தாள். பிரேமலதா கார்டைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வளவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், பிடியில் பலமில்லை. அவள் விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இங்க இருக்கு தம்பி. கீழ விழுந்துடுமேன்னு எடுத்தேன்."

லேப்டாப்பில் முதலில் வந்தது பேன் சத்தம். இந்த ஹாலில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் அதே பேனின் கிறீச். அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம். பாலுவின் முகம் மலர்ந்தது. "அப்பா," என்றான், கூப்பிடுவது மாதிரி.

"நெஞ்சை இறுக்கிப் பிடிக்குதும்மா," என்றார் மாமா.

பிரேமலதா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேஸாத்தான் இருக்கும் மாமா. இதைப் போட்டுட்டுப் படுங்க."

"இன்னிக்கு இரேம்மா. ஒரு மாதிரியா இருக்கு."

"இன்னிக்கும் போகலேன்னா வேலையே போயிடும் மாமா. போன்ல பாத்துக்கிட்டே இருக்கேன்."

கதவு சாத்தும் சத்தம். பாலுவின் முகத்தில் அந்தச் சிரிப்பு போகத் தெரியாமல் நின்றது. யமுனா திரும்பிப் பிரேமலதாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா பேச ஆரம்பித்துவிட்டார்.

"வளவா... வேலையா இருக்கியா? நெஞ்சு வலிக்குதுடா. வேர்த்துக் கொட்டுது. வர முடியுமா?... ஆமா, பிரேமா மாத்திரை குடுத்துச்சு... சரி. சரிப்பா. ஷிப்டு நடுவுல வெளிய வர கேட் பாஸ் வாங்கறது செரமந்தான், எனக்குத் தெரியாதா. முடிச்சுட்டே வா."

யமுனா வாயை மூடிக்கொண்டாள். வளவன் தரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யாராவது ஏதாவது கத்தினால் நல்லது என்று பிரேமலதா நினைத்தாள். யாரும் கத்தவில்லை. பாலு நிறுத்தவும் இல்லை. மாமாவின் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. பிறகு பேன் மட்டும் கேட்டது. பாலு விரலால் படத்தைத் தள்ளித் தள்ளி ஓட்டினான். ஜன்னல் வெயில் சோபாவின் காலிலிருந்து நகர்ந்து சுவருக்குப் போயிற்று. மாமாவின் தொங்கிய கை நகரவில்லை.

"மாமா."

யமுனா தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். திரையில் வேறு யாருமில்லாத ஹாலில் ஒரு குரல்.

"மாமா... தூங்கறீங்களா மாமா?"

"யாரு அது?"

"நான்தான்," என்றாள் பிரேமலதா. "லேபிலேர்ந்து. கேமராவுல பேசலாம்."

"மாமா, எந்திரிங்க மாமா. கண்ணைத் தொறங்க. மாமா, கையை மட்டும் ஆட்டுங்க. மாமா..."

குரல் நீண்டுகொண்டே போயிற்று. பின்னணியில் லேபில் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவதும் கேட்டது. லேப்டாப்பைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வளவன் கையை நீட்டினான். நிறுத்தப்போகிறான் என்று நினைத்தாள். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். அவள் குரல் தேய்ந்து இல்லாமல் போயிற்று. படம் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் கதவு தள்ளித் திறந்தது. எதிர் வீட்டு ஸ்டீபன்ராஜ் ஓடி வந்தார். அவருக்குத்தான் அவள் போன் பண்ணியிருந்தாள். வந்த வேகத்தில் செருப்போடு ஒரு கால் உள்ளே வைத்துவிட்டு, சோபாவைப் பார்த்ததும் நின்றார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். குனிந்து செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜோடி சேர்த்துச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, மெதுவாக உள்ளே வந்தார்.