உஸ்மானின் நீலக் கூலர் பை

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மூக்கை உடைப்பதைவிட இது மேல்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் ஈப்போவின் சிலிபினில் இருக்கிற என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் ரம்புத்தான் போனேன். (அந்த ஊருக்குப் போனேன் என்றாலே ஈப்போவில் எல்லாரும் சிரிப்பார்கள். பெரிய மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. நான் அதற்குப் போகவில்லை. போயிருக்கலாம்.) அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கடையில் என்னை யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அவ்வளவு தூரம். கல்லாவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸில் ஜைனுலாப்தீன் என்று பெயர் இருந்தது.

"பாய், நான் கதை எழுதுறவன். கதையில ஒருத்தன் கூட்டாளியோட கூலர் பையில காட்டுப்பன்னி எறச்சிய வெச்சிடுறான். கூட்டாளி முஸ்லிம். அந்தப் பைய எப்படி சுத்தம் பண்றது?"

"சமாக் பண்ணணும் லா. ஏழு தடவ கழுவணும். அதுல ஒரு தடவ மண்ணு கலந்த தண்ணி. சரியா எழுதணும்னா மசூதியில உஸ்தாஸ்கிட்ட கேட்டுக்குங்க."

"எறச்சித் தண்ணி உள்ள பஞ்சுக்குள்ள எறங்கியிருந்தா?"

அவர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பை என்னா கலரு?"

"நீலம்."

சொன்ன பிறகுதான் யோசித்துச் சொல்லியிருக்கவேண்டும் என்று தோன்றியது. அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கூட்டாளிக்கு விஷயம் தெரியுமா?"

"அத இன்னும் எழுதல பாய்."

"அப்ப அத மொதல்ல எழுதுங்க. கழுவுறதப் பெறகு பாத்துக்கலாம்."

அதனால் எழுதுகிறேன். எழுதிவிட்டால் அன்றைக்கு அவரிடம் சொன்னது பொய்யில்லாமல் ஆகிவிடும் என்று ஒரு கணக்கு.

2.

முதல் தொடக்கம்: "தெமங்கோர் ஏரியின் மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. தேவன் படகின் முனையில் அமர்ந்து"

அடித்துவிட்டேன். ஏரி வந்தால் பனியை விலக்கியே தீருவது என்று நான் முப்பது வருடமாக எழுதிவருகிறேன். பனிக்கே அலுத்திருக்கும்.

இரண்டாவது: "கூலர் பை என்பது" என்று ஆரம்பித்துப் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி போனது. ஆனாலும் இந்தப் பையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். சின்னப் படகில் கெட்டியான ஐஸ் பெட்டியை ஏற்றினால் அது அலைக்கு அலை நகர்ந்து முழங்காலை இடிக்கும். துணிப் பக்கம் வைத்த கூலர் பை அப்படி இல்லை. காலுக்குக் கீழே அமுக்கி வைக்கலாம், களைத்தால் சாய்ந்துகொள்ளலாம். வெளியே தடித்த துணி, நடுவில் பஞ்சு, உள்ளே தண்ணீர் போகாத மெல்லிய தோல். அந்த உள்தோல் இருக்கும்வரைதான் பைக்கு மரியாதை.*

* பையின் சொந்தக்காரன் உஸ்மானின் சட்டங்கள்: புறப்படுவதற்கு முதல் நாளே ஒரு ஐஸ் பொட்டலம் போட்டுப் பையைக் குளிர வைக்கவேண்டும். சாமான் ஒரு பங்கென்றால் ஐஸ் இரண்டு பங்கு. காலி இடம் விடாமல் துண்டைச் சுருட்டி அடைக்கவேண்டும். திரும்பி வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஜிப்பைத் திறந்தபடி, நிழலில் தலைகீழாகக் காயப்போடவேண்டும். முள், எலும்பு, தூண்டில் முனை, கூரான எதுவும் நேராக உள்ளே போகக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை அவன் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை சொல்வான்.

மூன்றாவது: "தேவன் நல்லவன். ஆனால்"

ஆனால் என்ன? அங்கேயே பேனாவை மூடிவிட்டேன்.

3.

தேவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவனுக்கு அறுபத்தொரு வயது கொடுத்தேன், மனைவியை இழந்தவன் என்று எழுதினேன். தனியாக இருப்பவனுக்கு மனைவி இறந்திருந்தால் வாசகர்கள் உடனே இரங்கிவிடுவார்கள். என் மனைவி மங்களம் இதைப் படித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள். அவள் ஜொகூர் பாருவில் மகள் வீட்டில் நன்றாக இருக்கிறாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று மூன்று மாதத்துக்குப் போனாள். இரண்டு வருடமாகிவிட்டது. நானும் வந்துவிடலாம் என்று சொல்கிறார்கள். அங்கே எனக்கு ஒரு கட்டில் இருக்கிறது. வேலை ஒன்றும் இல்லை.

சரி, தேவன் வேண்டாம். நான் ஜெயபாலன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுப் பதிப்புகளில் எப்போதாவது கதை வரும். பையில் இறைச்சியை வைத்தவன் நான்தான்.

உஸ்மான் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். இருபத்தாறு வருடமாக நாங்கள் தெமங்கோருக்கு மீன் பிடிக்கப் போகிறோம். ஆரம்பத்தில் ஆறு பேர், ஒரு வேன். ஒருவன் இறந்தான், ஒருவன் ஆஸ்திரேலியா போனான், ஒருவனுக்கு முட்டி, ஒருவனுக்கு மாமியார். இப்போது நானும் அவனும்தான்.

முதல் பயணத்தில் உஸ்மான் தன் சாப்பாட்டைத் தனிப் பையில் கொண்டுவந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு நாங்கள் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டி வாங்கிவிட்டோம். பீரும் எங்கள் வீட்டு இறைச்சியும் அதில். எல்லாருக்கும் பொதுவான சாப்பாடும் பிடித்த மீனும் அவன் பையில். இந்த ஏற்பாட்டை இன்றுவரை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அவன் குடியிருப்பது கடைக்கு மேலே. அங்கே காற்று இல்லை. என் வீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட கொடி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பை என்னோடு வந்துவிடும். தன் சாப்பாடு வைக்கிற பையை என் வீட்டில் காயப்போட்டுவிட்டுப் போகிறான், திரும்ப எடுக்கும்போது ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

4.

எப்படிச் செய்தேன் என்றால் இப்படி.

பையின் ஜிப் இறுகிப்போயிருந்தது. செமோரில் ஜிப் மாற்றித் தருகிற ஒருவர் இருக்கிறார். மாற்றிக்கொண்டு, வந்தது வந்தோம் என்று தர்மா வீட்டுக்குப் போனேன். தர்மா என் சித்தப்பா மகன். பழைய தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறான். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு கன்றுகளைக் கிளறிப்போட காட்டுப்பன்றி வந்துகொண்டே இருக்கும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சுடுவார்கள். சுட்டால் தோட்டத்தில் எல்லாருக்கும் பங்கு.

"அண்ணே, காலையில சுட்டது. எடுத்துட்டுப் போங்க" என்றாள் தர்மாவின் மனைவி குமுதா.

"யாரு சமைக்கிறது லா? வீட்டுல ஆளு இல்ல."

"நீங்க இருக்கீங்கல்ல? நீங்க ஆளு இல்லியா?"

அதைக் கேட்டதும் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். இரண்டு கிலோ, விலா எலும்போடு. ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போவதாகத்தான் இருந்தேன். உச்சி வெயில். குமுதா ஐஸ் வேறு கொண்டுவந்தாள். பக்கத்திலேயே பை, புது ஜிப்போடு. பிளாஸ்டிக்கை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இரட்டை பிளாஸ்டிக், அரை மணி நேரம், யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொன்னேன்.

வீட்டில் திறந்தபோது அடியில் இளஞ்சிவப்பாய்த் தண்ணீர். கிண்ணம் எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் குறைந்திருந்தது. விலா எலும்பின் முனை இரண்டு பிளாஸ்டிக்கையும் குத்தி, உள்தோலையும் குத்தியிருந்தது. குண்டூசித் தலை அளவு ஓட்டை. தண்ணீர் எல்லாம் பஞ்சுக்குள்.

(இறைச்சியைச் சமைத்தாயா என்று கேட்பீர்கள். சமைத்தேன். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன். ருசியாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.)

அதன் பிறகு சோப்பு போட்டேன், சோடா மாவு போட்டேன், புளிக்காடி ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இன்னும் உள்ளே போனது. வெளியே பார்த்தால் பை புதுசு மாதிரி இருக்கிறது. அழுத்தினால் மட்டும் ஓட்டையில் ஒரு சொட்டு வருகிறது. தினமும் அழுத்திப் பார்க்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது.

5.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பகல் மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் குறையும். அப்போது உஸ்மான் கூப்பிடுவான். தினமும் எனக்கு வருகிற போன் அது ஒன்றுதான். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், பேரன் திரையில் நெற்றியைக் காட்டிவிட்டு ஓடிவிடுவான்.

"மச்சான், சனிக்கெழம நெனவிருக்கா? போட்டுக்காரன்கிட்ட பேசிட்டேன்."

"இருக்கு, இருக்கு."

"பைய எடுத்து வெச்சிரு. ஜிப்பு மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"சக்கீனா ஒனக்குன்னு எறா சம்பல் செஞ்சு தாரேன்னா. போன தடவ நல்லா இருக்குன்னு சொன்னியாம்."

"ம்" என்றேன். அவன் மனைவி செய்யும் அந்தச் சம்பலை எதில் வைத்துக் கொண்டுபோவோம் என்று உங்களுக்கே தெரியும்.

"என்னா, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"சளி லா."

"மருந்து எடு. நீயும் படுத்துட்டா நான் எவன்கூட போறது?"

வைத்துவிட்டான். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் வாயைத் திறந்தேன், சளி வந்தது.

6.

முடிவுகள்.

(அ) அதே மாதிரிப் புதுப் பை வாங்கிக் கொடுத்துவிடுவது. கடைக்குப் போய்ப் பார்த்தேன். நீலம் இருந்தது. ஆனால் உஸ்மானின் பையில் கைப்பிடிக்குக் கீழே கொசுவத்தி சுட்ட தழும்பு ஒன்று உண்டு. அதையும் நாமே சுட்டுவிடலாமே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அறுபத்தொரு வயது ஆள் புதுப் பையில் கொசுவத்தியை வைத்து, அளவு சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி. எழுதினால் நன்றாக வரும். செய்தால் அசிங்கம்.

(ஆ) கொடியிலிருந்து திருடு போய்விட்டது. இதை நம்பிவிடுவான். நம்பி, சிலிபினில் வீடு வீடாகப் போய்க் கேட்பான். நானும் கூடவே போய்க் கேட்கவேண்டும்.

(இ) சொல்கிறேன். உஸ்மான் "பை தானே மச்சான்" என்று சிரிக்கிறான். இருவரும் ஏரிக்குப் போகிறோம். இதை இரண்டு பக்கம் எழுதினேன். பத்திரிகைக்குப் பிடிக்கும், உங்களுக்கும் பிடித்திருக்கும். கிழித்துப் போட்டேன். மன்னிப்பதா வேண்டாமா என்பது அவன் பாடு. அவனுக்குப் பதிலாக நானே எழுதிக்கொண்டால் அது கள்ளக் கையெழுத்து.

(ஈ) சொல்கிறேன். அவன் போனை வைத்துவிடுகிறான். மறுநாள் பகல் மூன்று மணி ஆகிறது. ஜெயபாலன் நாற்காலியில்

இதற்கு மேல் எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது.

7.

என் கதைகளை அச்சுக்குப் போகுமுன் படிக்கிற ஒரே ஆள் உஸ்மான். கல்லாவில் உட்கார்ந்து, பில் எழுதுகிற பென்சிலோடு படிப்பான். சலிப்புத் தட்டுகிற பக்கத்தில் "இழுக்குறான்" என்று எழுதுவான். ஆகவே இவ்வளவு நேரம் "நீங்கள், நீங்கள்" என்று நான் எழுதியதெல்லாம் சும்மா. எதிரே ஒரு ஆள்தான் இருந்தான்.

உஸ்மான், மூன்றாம் பகுதியில் இழுத்திருக்கிறேன், தெரியும். நாளைக் காலை இந்தக் காகிதங்களை உன் கல்லாவில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். நின்று உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போனில் சொல்லவும் வாய் வரவில்லை. எழுதினால் மட்டும்தான் எனக்கு உண்மை வருகிறது, அதுவும் நாலு பொய்க்குப் பிறகு.

பை கொடியில் தொங்குகிறது. ஏழு தடவை கழுவுவதை நான் செய்யவில்லை. உனக்குத் தெரியாமல் கழுவிக் கொடுத்தால் அது இன்னொரு ஏமாற்று. கழுவுவதோ எறிவதோ நீ சொல்லவேண்டியது. இதுவரை அந்தப் பையில் வேறு எதையும் நான் வைத்ததில்லை. இதை நீ நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

சனிக்கிழமை விடியலில் வாசலில் நிற்பேன். நீ வந்தால் வரலாம், வராமலும் இருக்கலாம். வந்து வண்டியை நிறுத்தாமல் போனாலும் சரி. எந்த முடிவாக இருந்தாலும் நான் ஒப்புக்கொள்வேன். ஒன்றைத் தவிர.

கோவம்னா திட்டு. இனிமே மொகத்துல முழிக்காதன்னு சொல்லு, அதையும் கேட்டுக்குறேன். ஆனா ஒன்னுமே சொல்லாம மட்டும் இருந்துராத மச்சான்.