கறுப்பு வயரில் போட்ட சுவிட்ச்

இப்போதெல்லாம் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடச் சனங்களுக்குக் கை வளைவதில்லை. அதற்கும் ஒரு பெட்டி, ஒரு வயர், ஒரு ஃபோன் சார்ஜர். நாளைக்குச் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கவும் எதையாவது சுவரில் செருகுவார்கள். அதையும் நாலு பேர் சுற்றி நின்று கெட்டித்தனம் என்பார்கள். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடி நடைபாதையில் நின்று அழகுமுத்து இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார். பொருமல் முழுவதும் குந்தியிருந்த பற்றிக்கின் முதுகைப் பார்த்துத்தான்.

பற்றிக் எதிர்வீட்டுக்காரர். துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். பொழுது போகாமல் ஃபோனில் வீடியோ பார்த்துச் சின்னச் சின்னக் கருவிகள் செய்யப் பழகியிருந்தார். இன்றைக்கு அவர் குந்தியிருந்தது அழகுமுத்துவின் வாசலில், மனைவி பழனியம்மாவின் செடிகளுக்கு நடுவில். வீட்டில் இருக்கிற மனுசனுக்கு முகம் மழித்து சென்ட் பூசத்தான் என்ன அவசியம்?

மல்லிகை, கற்பூரவள்ளி, பெயின்ட் வாளியில் ஏற்றிவிட்ட வெற்றிலைக்கொடி. பழனியம்மாவுக்கு அவற்றின்மேல் உயிர். வெள்ளிக்கிழமை அவள் ஹட்டனுக்கு ரயில் ஏறுகிறாள், தங்கச்சி மகளின் பிள்ளைப்பேறு பார்க்க. வர ஒரு மாதம் ஆகும். அதுவரை செடிகளைப் பார்க்கச் சொல்லிக் கட்டின புருசனிடம் கேட்கவில்லை, எதிர்வீட்டுக்காரனிடம் கேட்டிருக்கிறாள். அழகுமுத்துவுக்கு எரிந்தது அங்கேதான்.

"ஏன், நான் செத்தா போனேன்?" என்று முதல்நாளே கேட்டுப் பார்த்தார்.

"நீங்க ஊத்துனா செடிக்கு ஊத்த மாட்டீங்க, கீழ் வீட்டுக்கு ஊத்துவீங்க. ஸாலிஹ் நானா வந்து கத்துனது மறந்துபோச்சா?"

இப்போது பற்றிக் தீப்பெட்டி அளவுப் பச்சைப் பலகை ஒன்றைத் தூக்கிப் பழனியம்மாவிடம் காட்டினார். "இதுதான் மைக்ரோகண்ட்ரோலர், தங்கச்சி. மூளை மாதிரி. ஆனா தண்ணி வாளிக்குள்ள கிடக்கிற பம்பை ஓட்டுற பலம் இதுக்கு இல்லை, நேர கொழுவினா எரிஞ்சு போகும். அதாலதான் பம்புக்குத் தனிக் கேபிள், நடுவில இந்த மொஸ்ஃபெட். மூளை கண்ணைக் காட்டும், இது கதவைத் திறந்துவிடும்."

"எங்க வீட்டுலயும் அப்பிடித்தான் அண்ணே. பலம் ஒருத்தருகிட்ட, மூள இன்னொருத்தருகிட்ட."

இருவரும் சிரித்தார்கள். மூட்டை தூக்கியே புறக்கோட்டையில் வயதைக் கழித்த அழகுமுத்து சிரிக்கவில்லை. பூப்போட்ட கோப்பையில் பற்றிக்குக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வந்தது. விருந்தாட்கள் வந்தால் மட்டும் அலுமாரியிலிருந்து இறங்குகிற கோப்பை. அழகுமுத்துவுக்கு வழக்கமான டம்ளர், அதில் இஞ்சியும் இல்லை.

இரண்டு துளை உள்ள ஒரே சார்ஜரில் இரண்டு கேபிளும் ஏறின, ஒன்று பலகைக்கு, மற்றது பம்புக்கு. "காலையிலயும் பின்னேரமும் தானா ஓடி நிக்கும்," என்றார் பற்றிக். "அண்ணை வாளியில தண்ணி நிரப்பி வச்சாக் காணும்."

வாளி நிரப்புவது. அழகுமுத்துவுக்கு மிஞ்சியது அதுதான்.

"இத நிப்பாட்டுறது எப்பிடி?"

"கேபிளைக் கழட்டவேண்டியதுதான் அண்ணை. சுவிட்ச் ஒண்டு வாங்கிப் போடவேணும்."

"ஒரு சுவிட்ச்கூட இல்லாத சாமானுக்கா இவ்வளவு பேச்சு," என்றார் அழகுமுத்து. அன்று அவருக்குக் கொஞ்சம் இனித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பின்னேரம் பழனியம்மா அம்மன் கோயிலுக்குப் போனதும் வேலையில் இறங்கினார். பழுதான மேசைவிளக்கின் வயரிலிருந்து அமத்துகிற பெட் சுவிட்ச்சைக் கழற்றினார். பம்புக் கேபிளின் தோலைக் கறிக்கத்தியால் கீறினார். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சிவப்பு என்றால் அடிக்கும். பண்டசாலையில் ஒருமுறை சிவப்பு வயர் அடித்துச் சீனிமூட்டைமேல் விழுந்தவர் அவர். கறுப்பு சாது. ஆகவே கறுப்பை வெட்டி, நுனிகளைப் பல்லால் உரித்து, நடுவில் சுவிட்ச்சை முறுக்கி டேப் சுற்றினார். 'ஓஃப்' பக்கம் அமத்தினார். இனி இந்தச் சாமான் ஓடுவதும் நிற்பதும் அவர் கையில்.

பிறகு வாளியும் செம்புமாக நின்று எல்லாச் செடிக்கும் தானே ஊற்றினார். விளிம்பு தொடும் மட்டும் ஊற்றினார், ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாளியையும் மறுபடி நிரப்பி வைத்தார். நெற்றியில் திருநீறோடு படியேறி வந்த பழனியம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்துக்க. பெட்டிய அமத்தியாச்சு. தண்ணி நான்தான் ஊத்துனேன். எங்கயாவது ஒழுகுதா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒழுகவில்லை. "ஊத்தத் தெரிஞ்சுதான் இருக்கு," என்றாள். முகம் லேசாக இளகியது. ஹட்டனுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் தன்னிடமே விட்டுப்போவாள் என்று அழகுமுத்து நம்பியது அந்த நொடியில்தான்.

அப்போது பம்பு முனகியது. அமத்தி வைத்த பம்பு. குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி, ஏற்கெனவே நிறைந்து நின்ற சட்டிகளில் கொட்டி, வழிந்து, நடைபாதை ஓரத்தால் கீழே விழுந்தது. அவர் சுவிட்ச்சை அப்படியும் இப்படியும் அமத்தினார். பம்பு மதிக்கவில்லை.

"அழகுமுத்தண்ணே, மேல மட்டும் மழையா?" கீழேயிருந்து ஸாலிஹின் குரல். "இங்க வானம் வெளிச்சமா ஈக்கிது. காயப்போட்ட சாரமெல்லாம் நனஞ்சி போச்சி."

சத்தம் கேட்டு வந்த பற்றிக் சார்ஜரைச் சுவரிலிருந்து இழுத்தார். எல்லாம் அடங்கிற்று. டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"அண்ணை, கறுப்பில போட்டிருக்கிறியள். கரண்ட் சிவப்பால வந்து, பம்பைச் சுத்திப்போட்டு, கறுப்பால திரும்பிப் போறது. நீங்க திரும்பிற வழியைத்தான் அடைச்சது. போர்டுக்குப் போற கேபிளிலயும் ஒரு கறுப்பு இருக்கு, மொஸ்ஃபெட்டில ரெண்டு கறுப்பும் ஒண்டாச் சேருது, அதுவும் இதே சார்ஜருக்குத்தான் வருது. அந்த வழியால போயிட்டுது. வாற வழியை அடைக்கவேணும், சிவப்பை. இப்பிடி விட்டா அந்த மெல்லிய வயர் சூடாகிப் போர்டையும் கெடுக்கும்."

கறுப்பை இணைத்து, சுவிட்ச்சைச் சிவப்புக்கு மாற்றி, சார்ஜரைச் செருகினார். பலகையில் ஒரு பொத்தானை அழுத்தப் பம்பு முனகியது. சுவிட்ச்சை அமத்த நின்றது.

"தண்ணி குழாயில வருது, செடியில விழுது," என்றார் அழகுமுத்து. "திரும்பிக் குழாய்க்கா போகுது? செலவான கரண்டு எங்க தம்பி திரும்பிப் போறது?"

"அது தண்ணி மாதிரி இல்ல அண்ணை..."

"விடுங்க அண்ணே," என்றாள் பழனியம்மா, தரையைத் துணியால் ஒற்றியபடி. "நான் வர்ற வரைக்கும் வாளியையும் நீங்களே நெறச்சிருங்க."

பற்றிக் சங்கடப்பட்டார். "அண்ணை இருக்கிறார்தானே, தங்கச்சி."

"அவரு இந்தப் பக்கமே வரவேணாம்."

அவள் பற்றிக்கைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள், புருசனைப் பார்த்து அல்ல. அழகுமுத்து துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கீழே ஸாலிஹ் சாரம் பிழிந்துகொண்டிருந்தார்.

"சரி பண்ணியாச்சா அண்ணே?"

"செவப்பு, கறுப்புனு கத சொல்றான். நான் அமத்துனா ஓடுது, அவன் அமத்துனா நிக்குது. எல்லாம் அவன் பேச்ச மட்டும் கேக்குற மாதிரிச் செஞ்சு வச்சிருக்கான்."

"யாரு, பெட்டியா?"

அழகுமுத்து துவாயை உதறி மறுபடி தோளில் போட்டார். போன கரண்டு திரும்பி வருமாம். யாருக்குக் காது குத்துகிறான். செருப்பை மாட்டிக்கொண்டு, மேலே ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல், ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தார்.