கனீஸின் மறதி

நான் செய்தது அயோக்கியத்தனம். நீங்கள் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில், பிராட்போர்டில் இருபத்தாறு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். என் மனைவி கனீஸ் பாகிஸ்தானில், மீர்பூரில் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அம்மா போன பிறகுதான், ஐம்பது வயதில், இங்கே வந்து சேர்ந்தாள். ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும், இந்த நாட்டைப் பற்றி இருபத்து நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதினெட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. கனீஸ் பதினாறு வாங்கினாள். விசா முடிய மூன்று மாதம்தான் பாக்கி.

அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. செவ்வாய்தோறும் நூலகத்தில் பெண்களுக்கு வகுப்பெடுக்கும் ஜாய்ஸ் டீச்சர், அடுத்த தடவை நிச்சயம் பாஸ் என்று சொல்லியிருந்தாள். ரொட்டிக்கு மாவு பிசையும்போதும் பாடம்தான்.

"ஆறு பொண்டாட்டி கட்டின ராஜாவைப் பத்தி நான் எதுக்குங்க படிக்கணும்? உங்களுக்கு ஒருத்தியையே சமாளிக்கத் தெரியல."

சிரித்தேன். ஆனால் மறுபடியும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதானே?

டாக்ஸி ஸ்டாண்டில் குல்ஸமான்தான் வழி சொன்னான்.

"டேய் அல்தாஃப், எதுக்குடா இந்தப் பாடு? ஞாபகசக்தி போயிடுச்சுன்னு டாக்டர் லெட்டர் குடுத்தா ரெண்டு பரீட்சையும் கிடையாது. என் மச்சினிக்கு அப்படித்தான் கிடைச்சுது."

"உன் மச்சினிக்கு நெசமாவே பக்கவாதம் வந்துச்சேடா."

"அதனால என்ன? டாக்டர்கிட்ட பேசப்போறது யாரு? நீதானே!"

அது வாஸ்தவம். எங்கள் தெருவில் எந்தப் பெண் டாக்டரிடம் போனாலும் புருஷனோ மகனோதான் பேசுவான். வாயைத் திறந்து காட்டுவது அவள், எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்வது இவன். டாக்டர்களுக்கும் அது பழகிப்போய்விட்டது.

ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறோம் என்று கனீஸிடம் சொன்னேன். "அவர் என்ன கேட்டாலும் என்னையே பாரு. நான் பேசிக்கிறேன்."

உள்ளே போய் ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டேன். அடுப்பை அணைக்க மறக்கிறாள். வீட்டுக்கு வழி தெரியவில்லை. ஒரு நாள் என்னையே யார் என்று கேட்டாள். சீ, நாக்கு கூசவே இல்லை எனக்கு! டாக்டர் நல்ல மனுஷர். மூன்று சொல் சொல்கிறேன், சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லட்டும் என்றார். ஆப்பிள், டேபிள், பென்னி. நான் எங்கள் பாஷையில் அவளிடம், "சும்மா உட்காரு, ஒண்ணும் சொல்லாத" என்றேன். மொழிபெயர்க்கிறேன் என்று அவர் நம்பினார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது கனீஸ் என்னையே பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது.

"ஆப்பிள், டேபிள், பென்னி" என்றாள் கனீஸ்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "எல்லாம் புரிஞ்சுதா உனக்கு?"

"நாலு வருஷமா வகுப்புக்குப் போறேன், புரியாம? உங்களை யாருன்னு கேட்டேனாமே. இப்பத்தாங்க கேக்கணும்போல இருக்கு."

"அப்போ ஏன்டி அங்க வாயைத் திறக்கல?"

"வெளியாள் முன்னாடி உங்களைப் பொய்யன் ஆக்கச் சொல்றீங்களா?" துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த லெட்டர் வேணாங்க. நான் எழுதிப் பாஸ் பண்றேன்."

"தோத்துட்டா?"

"தோத்தா மறுவாரமே திரும்ப எழுதறேன்."

அன்றே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளை இழந்துவிடுவேன் என்ற பயம் பாதி, மறுபடி அலைய வேண்டுமே என்ற சோம்பல் பாதி. இன்னும் இரண்டு தடவை அவளைக் கூட்டிப் போனேன், லெட்டர் கிடைத்தது, அனுப்பிவிட்டேன். வகுப்பையும் நிறுத்தினேன். ஞாபகம் இல்லாதவள் பாடம் படிக்கிறாள் என்று எவனாவது போட்டுக்கொடுத்தால் என்ன ஆவது? ஜாய்ஸ் டீச்சர் வீட்டுக்கே தேடி வந்தாள். கனீஸுக்கு உடம்பு சரியில்லை என்று கதவைப் பாதி திறந்து சொல்லி அனுப்பினேன். கனீஸ் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அனுமதி வந்தது. குல்ஸமான் லட்டு எங்கே என்று நச்சரித்தான். கனீஸ் நாலு வீட்டுக்குக் கொடுத்தாள், தான் ஒன்றையும் தொடவில்லை.

போன மாதம் அவள் கண்ணில் புரை என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் கணினியில் கனீஸின் மருத்துவக் குறிப்பைப் பார்த்தாள். முகம் இளகியது. கனீஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவங்க பிறந்த தேதி சொல்லுங்க."

எனக்கு வரவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். விண்ணப்பத்தில் என் கையால் எழுதிய தேதி. "மார்ச்... இல்ல, மே..." என்று உளறினேன்.

"கனீஸ், நீயே சொல்லேன்."

நான் சொல்லிக்கொடுத்தபடியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு தாயி, உன் கால்ல விழறேன்."

அப்புறம்தான் நர்ஸ் பக்கம் திரும்பினாள். நாள், மாதம், வருடம், வீட்டு எண், தெரு, தபால் குறியீடு எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள்.

நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இன்னைக்கு இவங்களுக்கு நல்ல நாள் போலிருக்கு. நடுவுல இப்படியும் வரும். நீங்க மனசைத் தளர விட்டுடாதீங்க."

கனீஸுக்கு அதுவும் புரிந்தது.