இரட்டைப் பிடிக் கிண்ணம்

கிண்ணம் ஜூடித்தின் கைக்கு வர இன்னும் மூன்றே பேர்.

உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக மூடுபனி உள்ளே வந்து, அதுவும் சபையில் ஓர் ஆள் என்பதுபோல் பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. நீலகிரியில் எமரால்டு அணைக்கு மேலே, எஸ்டேட்டின் சின்ன மெதடிஸ்ட் ஆலயம். அன்று அன்பின் விருந்து. விருந்து என்றால் ஒரு துண்டு பன், ஒரு வாய்த் தண்ணீர். அவ்வளவுதான்.

வெள்ளைப் பீங்கான் கிண்ணம். இரண்டு பக்கமும் பிடி. மெதடிஸ்ட் சபை முளைவிட்ட காலத்தில் சீமையில் ஹன்னா என்றொருத்தி வைத்திருந்தது. பெண் மேடையேறிப் பிரசங்கிக்கக் கூடாது என்றார்கள். அவள் ஏறவில்லை. கிண்ணம் யார் கையிலோ அவருக்கே பேச்சு, அவர் குடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது, குடித்துவிட்டால் அவர் பேச்சு முடிந்தது என்று ஒரு வழக்கத்தை மட்டும் ஆரம்பித்து வைத்தாள். அவளுடைய பேத்தியின் பேத்தி கொண்டுவந்த பெட்டியில் கிண்ணம் கப்பலேறி மலைக்கு வந்தது. வழக்கமும் கூடவே வந்தது.

ஜூடித் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

இன்று பக்கத்தில், ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் கமலேஷ். முழங்காலில் ஒரு கட்டுக் காகிதம். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடி ஏழு மாதம். எல்லாரும் கையெழுத்துப் போட்டு எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளைக் காலி செய்தால் மழைக்குப் பிறகு திறப்போம் என்று சொல்லி வந்திருந்தான். மூடிய ஃபேக்டரிக்குள் போய்ப் பெருக்குகிறவள் ஜூடித் மட்டும்தான். காலையில் அவளிடம் தனியாக வேறு சொல்லியிருந்தான்: "வாயத் தெறக்காம இரு. உனக்கு வேலையும் உண்டு, ஊடும் உண்டு."

"புடி ஜூடித்து," என்றாள் அடுத்த வீட்டு பியாட்ரிஸ். "எப்பவும்போல ஒரு மடக்குக் குடிச்சுட்டுத் தள்ளி உடு. நீ பேசினா அணையே ரொம்பிரும்!"

சிரிப்பு.

ஜூடித் தண்ணீரைப் பார்த்தாள். அதன்மேல் படர்ந்த பனிக்குள் ஒரு பெண் முகம் அசைந்தது. அவளுடையதா, அந்த ஹன்னாவுடையதா? குடிக்கவில்லை.

"ஃபேக்டரி தெறக்காதுங்க."

சிரிப்பு நின்றது.

"உள்ளார மெஷினே இல்லீங்க. ரோலரும் இல்லீங்க, டிரையரும் இல்லீங்க. லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மாசமா வெறுந்தரையத்தான் கூட்டறேன்."

கமலேஷ் துள்ளி எழுந்தான். "ஏய்! என்ன பேசறே..."

"உக்காருங்க சார்," என்றாள் பியாட்ரிஸ். "கிண்ணம் இன்னும் அவ கையிலதான் இருக்குது."

கமலேஷ் போதகரைப் பார்த்தான். போதகர் பெஞ்சைக் கை காட்டினார். உட்கார்ந்தான்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தனுங்க. என்ற ஊட்டுக்காக. மன்னிச்சுக்கோங்க."

பிறகுதான் குடித்தாள். பனியே உருகித் தொண்டையில் இறங்கியது போலிருந்தது.

முன் பெஞ்சில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்த மயில்சாமி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

ஜூடித் இடுப்பிலிருந்து ஃபேக்டரி சாவியை எடுத்துக் கமலேஷின் பக்கத்தில் வைத்தாள். கிண்ணத்தை நீட்டினாள். அதை ஒரு கையால் வாங்க முடியாது. இரண்டு கையாலும் வாங்கினான். முழங்காலில் இருந்த காகிதக் கட்டு சரிந்து தரையில் பரவியது. யாரும் குனியவில்லை.

"இப்ப நீங்க பேசலாமுங்க."

ஆலயம் முழுக்கக் காத்திருந்தது. மூடுபனியும்கூட.

கமலேஷ் அவசரமாகக் குடித்தான்.