ஊற்றை மூடியவளுக்கு என்ன கோபம்?

1

இந்தக் கதை ஒரு முட்டை மதிப்பெண்ணிலிருந்து பிறந்தது. முட்டையை வாங்கியது நானல்ல. என் கதையைச் சரியாகப் படித்த ஒருத்தி. ஆகவே எனக்குக் கொதிக்கிறது.

[முதலில் 'கரிசல் வெயிலில் ஒரு பெண்' என்று தொடங்கி, அந்தப் பெண் — வேண்டாம். அடித்துவிட்டேன்.]

1944-இல் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு ஒரு மாதப் பத்திரிகைக்குக் கதை எழுதினேன். முத்துப்பேச்சி என்பவள் திருச்சுழியில் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டுகிறாள். தண்ணீர் ஊறியதும் பண்ணையார் வண்டி வந்து பீப்பாயை நிரப்பிக்கொள்கிறது. அவள் காலால் மணலைத் தள்ளி ஊற்றை மூடிவிட்டு* வெறுங்குடத்தோடு வீடு போகிறாள். அவ்வளவுதான். ஜில்லாவே அழுதது. (சரி, இரண்டு பேர்.)

*தோண்டியவர் அடுத்தவருக்காகத் திறந்துவிட்டுப் போவதே எங்கள் ஆற்று வழக்கம். மூடினால் பகை.

2

மறுவருஷம் அருப்புக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சித் தேர்வுக்கு அந்தக் கதை வந்தது. 'கதையின் கரு என்ன? ஆசிரியரின் நோக்கம் என்ன? மதிப்பெண் 2.' இன்பராணி என்ற மாணவி 'கோபம்' என்று எழுதினாள். திருத்திய தாவீதுராஜ் சிவப்பு மையில் எழுதினார்: 'தவறு. பொறுமையும் தூய்மையும்.'

தூய்மையாம்!

அந்த இரண்டு மதிப்பெண்ணில் அவள் தோற்றாள். பரளச்சிப் பள்ளிக்கூட வேலை அவளுக்காகத் திங்கட்கிழமைவரைதான் காத்திருக்கும்.

3

"அந்தக் கதைய எழுதுனவன் நாந்தான்" என்றேன் தாவீதுராஜிடம். "அவ கோவத்துலதான் மூடுனா."

"தூசி விழாம மூடினா. குடிதண்ணிய மூடி வைக்கிறதில்லையா?"

மனுஷர் தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்காலிலேயே வளர்ந்தவர். நான் நாற்காலியைத் தூக்கி — இல்லை, தூக்கவில்லை. தூக்கியிருக்க வேண்டும்.

"கோபம்னு கதையில எங்க இருக்கு? காட்டுங்க."

இல்லை. கைப்பிரதியில் 'கோபத்தோடு மூடினாள்' என்றிருந்தது. அழகு கருதி அந்தச் சொல்லை அடித்த மகான் நானேதான்.

"எழுதினவர் வந்து நோக்கம் சொன்னா போதாது, சார். கதையில இருக்கணும்."

அந்த ஒரு பேச்சு நியாயம். அதுதான் இன்னும் எரிகிறது.

4

"கோவம்தான்னு கையெழுத்துப் போட்டு எழுதித் தாரேன், தாயி" என்றேன் இன்பராணியிடம்.

"வேண்டாங்கய்யா. நீங்க வந்து சொல்லித்தான் மார்க்குன்னா, நான் படிச்சது என்னத்துக்கு? கோவம் கதையிலயேதான் இருக்கு. திருத்துனவுகளுக்கு ஆறுதான் தெரியல. கூட்டிட்டு வாங்க."

[முடிவு ஒன்று: தாவீதுராஜ் தவற்றை உணர்ந்து மன்னிப்பு — எந்த வாத்தியார் கேட்டிருக்கிறார்? அடித்துவிட்டேன்.]

5

'ஆற்றையும் பார்த்துவிடுவோம்' என்று சனிக்கிழமை காலை தாவீதுராஜ், கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் திருச்சுழிக்கு வந்து இறங்கினார். ஆற்றில் நாற்பது பெண்கள். (நானூறு என்றுதான் எழுதினேன், இன்பராணி முறைத்தாள்.) அவர்களில் சோலையம்மாள் என்பவள் தன் ஊற்றில் மொண்டுகொண்டிருந்தாள்.

"சார், தூசி விழுது. மூடுங்க" என்றாள் இன்பராணி, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

அவர் வேட்டியை ஒதுக்கிக் காலைத் தூக்கினார்.

"ஏய்யா மவராசா!" என்றாள் சோலையம்மாள். "அந்தக் காலு எறங்கட்டும், பாப்போம்."

நாற்பது பேரும் குடத்தைக் கீழே வைத்தார்கள்.

கால் அந்தரத்தில் நிற்கிறது. சிவப்புப் பேனா சட்டைப்பையில் இருக்கிறது. அவர்கள் முகத்தைப் பற்றி இந்த முறையும் ஒரு சொல் எழுதமாட்டேன்; முடிவும் எழுதமாட்டேன். வாசகரே, உங்களுக்கு ஒரே கேள்வி: நாற்பது பேரும் குடத்தை ஏன் கீழே வைத்தார்கள்? மதிப்பெண் 2. கால் இறங்குவதற்குள் எழுதுங்கள்.